தங்கம் தேடிப் போன வண்டிகள்

ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி. இவற்றை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்?

சந்தைக்குப் போகலாம். திருவிழாவுக்குப் போகலாம். பெண் கொடுத்த ஊருக்குப் போய்ச் சம்பந்தியைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால், 2,000 மைல் போக முடியுமா?

போனார்கள்! பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல; ஐந்து மாதம், ஆறு மாதம் போனார்கள். வழியில் பிள்ளை பெற்றார்கள். பெற்றவளை வழியிலேயே புதைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் போனார்கள்.

இது அமெரிக்காவில் நடந்தது. அவர்கள் போன திசை மேற்கு. மேற்கே நிலம் இருந்தது. பிறகு தங்கமும் கிடைத்தது.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு பிரயாணம் நடந்திருக்கிறது. அதுவும் மேற்கு நோக்கித்தான். அதுவும் தங்கத்தை நோக்கித்தான். ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் என்று நாம் தினமும் சொல்லும் ஊர்கள் இருக்கும் சீமையிலிருந்துதான் அந்த ஜனங்கள் போனார்கள்.

அமெரிக்கரின் கதை உலகம் முழுவதும் தெரியும். நம்மவர் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

தண்ணீரில் மின்னியது என்ன?

முதலில் அமெரிக்காவுக்குப் போய் வருவோம்.

1848-ம் ஆண்டு, ஜனவரி 24-ந் தேதி. கலிபோர்னியாவில் ஓர் ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் அந்த வேலையை மேற்பார்வை பார்த்தார். வாய்க்கால் தண்ணீருக்கு அடியில் ஏதோ மின்னியது. எடுத்துக் கல்லில் வைத்துத் தட்டினார். அது உடையவில்லை, தட்டையாயிற்று.

தங்கம்!

செய்தி பரவியது. அடுத்த ஆண்டு, 1849-ல், ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். சில ஆண்டுகளுக்குள் சுமார் 3 லட்சம் பேர் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேர் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் தரை வழியே வந்தார்கள்.

தரை வழி என்றால் மாட்டு வண்டி வழி. மிசூரி ஆற்றங்கரையில் இருக்கும் இன்டிபென்டன்ஸ் போன்ற ஊர்களில் வண்டிகள் கூடும். அங்கிருந்து கலிபோர்னியா ஏறத்தாழ 2,000 மைல்.

நம் கூண்டு வண்டியைப் போலத்தான் அவர்கள் வண்டியும். மேலே கித்தான் துணி. மழை ஒழுகாமல் இருக்க அதன் மேல் எண்ணெய் பூசியிருப்பார்கள். இரண்டு ஜோடி, மூன்று ஜோடி எருதுகள் இழுக்கும். எருதின் குளம்பு பிளவுபட்டது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு என்று, ஒரு மாட்டுக்கு எட்டு லாடம் அடிக்க வேண்டும். நம் ஊர் லாடக்காரருக்கும் அதே கணக்குத்தான்!

வண்டிக்குள் யார் உட்கார்ந்தார்கள்? யாரும் உட்காரவில்லை. வண்டி முழுவதும் மூட்டை. அந்தக் காலத்து வழிகாட்டிப் புத்தகம் ஒன்று, ஓர் ஆளுக்கு 200 ராத்தல் மாவும், 150 ராத்தல் உப்பிட்ட இறைச்சியும் வேண்டும் என்று கணக்குச் சொன்னது. இவ்வளவையும் ஏற்றிவிட்டு, நோயாளியும் குழந்தையும் தவிர மற்றவர்கள் பக்கத்தில் நடந்தே போனார்கள்!

மரமே இல்லாத சமவெளியில் அடுப்புக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? காட்டெருமையின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி எரித்தார்கள். நம் வீட்டு வறட்டிதான் அங்கேயும் சோறு போட்டது!

நாள் பார்த்துக் கிளம்பினார்கள்

இந்தப் பிரயாணத்துக்கு நாள் நட்சத்திரத்தைவிடப் புல்தான் முக்கியம்.

ஏப்ரல், மே மாதத்துக்கு முன்னால் கிளம்பினால் வழியில் மாட்டுக்குப் புல் இருக்காது. தாமதமாகக் கிளம்பினால் கடைசி மலையைத் தாண்டுவதற்குள் பனி விழுந்துவிடும். ஒரு நாளைக்கு 12 மைல், 15 மைல்தான் வண்டி நகரும்.

பாதி வழிக்குச் சற்று முன்பாக ஒரு பெரிய மொட்டைப் பாறை இருக்கிறது. ஜூலை 4-ந் தேதிக்குள் அந்தப் பாறையைத் தொட்டுவிட வேண்டும் என்பது கணக்கு. தொட்டவர்கள் அதன் மேல் தங்கள் பெயரையும் தேதியையும் செதுக்கினார்கள். அந்தப் பெயர்களை இன்றும் படிக்கலாம்.

கணக்குத் தப்பியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1846-ல் 'டானர் கூட்டம்' என்று பெயர் பெற்ற 87 பேர், குறுக்கு வழி என்று நம்பிப் போய்த் தாமதமானார்கள். மலையில் பனி மூடிக்கொண்டது. மாடுகள் செத்தன. மாட்டுத் தோலை வேகவைத்து, அதில் வரும் பசையைத் தின்றார்கள். தோலைக் கண்ணால் கண்டு வளர்ந்த ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு, அது எப்படிப்பட்ட உணவு என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவும் தீர்ந்த பிறகு, செத்த மனிதரின் உடலையும் தின்றார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டார்கள்.

பனியைவிட அதிகம் பேரைக் கொன்றது காலரா. அந்தப் பாதைகளில் மொத்தம் 20,000 பேர் இறந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அப்படியானால் மைலுக்குப் பத்துச் சமாதி!

இன்னொரு கணக்கையும் மறக்கக் கூடாது. அந்த நிலம் காலி நிலமல்ல. அங்கே பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள். கலிபோர்னியாவில் 1848-ல் சுமார் ஒன்றரை லட்சம் பேராக இருந்த அவர்கள், 1870-ல் சுமார் 30,000 பேராகக் குறைந்தார்கள். ஒருவர் தேடிய தங்கம், இன்னொருவர் வீட்டுக்கு எமனாயிற்று.

1869-ல் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்தது. அதன்பின் மாட்டு வண்டிப் பிரயாணம் மெல்ல மெல்ல நின்றது.

கோலார் மண்ணில் பொன்

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது ஆலங்காயம். இன்று அது திருப்பத்தூர் மாவட்டம். அன்று சேலம் ஜில்லா; பிறகு வட ஆற்காடு ஜில்லா. இங்கிருந்து வடமேற்கே பார்த்தால், நேர்கோட்டில் 40 மைல் தூரத்தில் இருக்கிறது கோலார் தங்கவயல். நடுவில் மலைகள். அவற்றைத் தாண்டினால் மைசூர்ப் பீடபூமி. தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கிறது.

அந்த மண்ணில் பொன் உண்டு என்பது பழங்காலத்திலேயே தெரியும். 1802-ல், மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அதை நேரில் கண்டார். மாரிக்குப்பம் முதலிய ஊர்களில் ஏழை ஜனங்கள் குழி வெட்டினார்கள். கல்லை மேலே கொண்டுவந்தார்கள். பெண்கள் அதை இடித்துத் தண்ணீரில் அலசினார்கள். கடைசியில் கொஞ்சம் பொன் துகள் தங்கியது. இதை வாரன் 1804-ல் எழுதி வைத்தார்.

பல ஆண்டு அதை யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு ஒருவர் கையில் அது சிக்கியது. அவர் பெயர் லவெல், அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் சண்டையில் இருந்துவிட்டுப் பெங்களூரில் வந்து தங்கிய பழைய சிப்பாய். படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு 60 மைல் பிரயாணம் செய்து கோலார் பக்கம் வந்தார்!

பாருங்கள், கோலாரின் நவீன தங்க வேட்டையும் மாட்டு வண்டியில்தான் ஆரம்பமாயிற்று.

லவெல் 1873-ல் மைசூர் சர்க்காருக்கு மனுப் போட்டார். 1875-ல் அனுமதி கிடைத்தது. ஆனால், கையில் பணம் இல்லை. 1877-ல் உரிமையை வேறு துரைமார்களுக்குக் கொடுத்துவிட்டார். 1880-ல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியது. இரண்டு மூன்று ஆண்டு பணம் கரைந்ததே தவிரப் பொன்னைக் காணோம். 1883-ல் பிளம்மர் என்ற சுரங்கத் தலைவர் சரியான இடத்தைத் தோண்டினார். உலகப் புகழ் பெற்ற தங்க நாளம் அகப்பட்டது!

அப்புறம் ஒரே ஒரு பொருள்தான் குறைவு: தோண்டுவதற்குக் கை.

பஞ்சம் துரத்தியது

அந்தக் கைகள் வட ஆற்காட்டில் காத்திருந்தன.

1876-லும் 1877-லும் மழை பொய்த்தது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆண்பிள்ளைக்கு, நாள் முழுவதும் உழைத்தால் ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று சர்க்கார் கூலியைக் குறைத்தது. அந்தக் கூலியில் உயிரைத்தான் பிடித்து வைக்க முடியும். அதுவும் எல்லோராலும் முடியவில்லை.

1871-ல் வட ஆற்காடு ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 20 லட்சம். பத்து ஆண்டில் அது கூடியிருக்க வேண்டும். 1881-ல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 18 லட்சம்தான் இருந்தது!

செத்தவர் போக, இருந்தவர் கதி என்ன? நிலமில்லாதவர்களுக்கு, அதிலும் ஆதிதிராவிட மக்களுக்கு, பஞ்சம் போன பிறகும் விடிவு இல்லை. பண்ணையில் வேலை; கூலியாகக் கேழ்வரகு; தலைமுறை தலைமுறையாகக் கடன். ஊரை விட்டுப் போவதுதான் ஒரே வழி.

சிலர் கப்பலேறினார்கள். 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு ஆட்களை ஏற்றிப் போனது முதல், அந்த வழியும் திறந்திருந்தது. இன்னும் சிலர் தோல் பதனிடும் வேலைக்கு வாணியம்பாடி, ஆம்பூர் போனார்கள். அங்கே ஆவாரம் பட்டை ஊறிய தொட்டியில் இடுப்பளவு நின்றார்கள்.

மற்றவர்கள் மலை ஏறினார்கள்.

மலைக்கு அப்பால்

சுரங்கத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் ஊர் ஊராக வந்தார்கள். கையில் முன்பணம் கொடுத்தார்கள். "மாசம் பிறந்தா கையில காசு" என்றார்கள். தானியம் தவிர வேறு கூலி அறியாதவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா?

ஒரு காட்சியை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். அதிகாலை. பனை ஓலைக் குடிசை. வாசலில் ஒரு கட்டை வண்டி. நாலைந்து குடும்பத்துச் சட்டிப் பானைகள் அதில் ஏறியிருக்கின்றன. இளைஞன் ஒருவன் புறப்பட்டு நிற்கிறான். அவன் தாய் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடுப்பா."

"எனக்கு எழுதத் தெரியாதேம்மா."

"எழுதத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்க. அவங்களக் கேளு."

"வந்தா, உனக்கு யாரு படிச்சுச் சொல்லுவாங்க?"

தாய்க்குப் பதில் தெரியவில்லை. வண்டி நகர்கிறது.

இப்படி எத்தனை வீட்டு வாசலில் நடந்திருக்கும்!

ஆலங்காயத்திலிருந்து மலைப்பாதையாக வளைந்து போனால் ஐம்பது, அறுபது மைல் ஆகும். பாரவண்டி ஒரு நாளைக்கு 12 மைல், 15 மைல் நகரும். அமெரிக்க வண்டிக்கும் அதே வேகம்தானே? மாடு எந்த தேசத்தில் இருந்தாலும் மாடுதான். ஆக, நம்மவர் பிரயாணம் நாலைந்து நாள். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கிச் சக்கரத்தைத் தள்ள வேண்டும். வண்டி பின்னால் சறுக்காமல் இருக்கப் பெண்கள் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். வழிக்குக் கேழ்வரகுக் களி. இருட்டினால் சத்திரத்து ஓரம், இல்லாவிட்டால் மரத்தடி.

"ஏன், ரயில் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864-லேயே ரயில் ஓடியது. குப்பம் வழியாகப் போய் பௌரிங்பேட்டையில் இறங்கலாம். இன்று அதன் பெயர் பங்காருபேட்டை. கையில் காசு இருந்தவர் ரயிலேறினார். இல்லாதவருக்குக் காலே வண்டி. ரயிலில் இறங்கினாலும், சுரங்கத்துக்கு இன்னும் 10 மைல் போக வேண்டும். மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது 1894-ல்தான். அதுவரை அந்த 10 மைலுக்கு மாட்டு வண்டிதான் ராஜா.

மலை ஏறியதும் தேசமே மாறிவிட்டது போல இருந்திருக்கும். அது வெள்ளைக்காரன் மாகாணம் அல்ல; மைசூர் மகாராஜா சமஸ்தானம். தெருவில் கன்னடமும் தெலுங்கும் கேட்டன. ஆனால், போனவர்கள் ஒருவர் இருவரா? 1891-ல் தங்கவயலில் இருந்தவர்கள் 7,085 பேர். 1901-ல் 38,204 பேர்! பத்தே ஆண்டில் ஐந்து மடங்கு! அதில் பெரும் பகுதி தமிழர். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து வந்த ஏழைகள்.

ஏன் தங்கம் கைக்கு வரவில்லை?

இங்கே வாசகர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

கலிபோர்னியாவுக்கு வண்டி கட்டிப் போனவன் தங்கத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டான். கோலாருக்குப் போனவன் ஏன் கூலியோடு நின்றான்?

காரணம், தங்கம் இருந்த இடம்.

கலிபோர்னியாவில் முதலில் கிடைத்தது ஆற்றுப் பொன். மலைப்பாறை தேய்ந்து, பொன் துகள் ஆற்று மணலில் கலந்து கிடந்தது. ஒரு தட்டும் ஒரு மண்வெட்டியும் போதும். மணலை அலசினால் பொன் கனமானது, அடியில் தங்கும். தனி மனிதன் எடுக்கலாம். அங்கேயும் நாலைந்து ஆண்டில் மேலாகக் கிடந்த பொன் தீர்ந்தது. பிறகு கம்பெனிகளும் யந்திரங்களும்தான்.

கோலாரில் கிடந்தது பாறைப் பொன். வெள்ளைக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத தூளாக ஒளிந்திருந்தது. அந்தக் கல்லும் பூமிக்கு அடியில் இறங்கிக்கொண்டே போனது. வெடி வைத்துப் பிளக்க வேண்டும். மேலே இழுக்க வேண்டும். யந்திர உலக்கையால் மாவாக இடிக்க வேண்டும். பாதரசத்தாலும் பிறகு சயனைடாலும் பொன்னைப் பிரிக்க வேண்டும். லட்சக்கணக்கில் முதல் போட்டவனுக்கே அது முடியும். முதல் போட்டவன் லண்டனில் இருந்தான். லாபமும் அங்கே போயிற்று.

ஆகவே, நம்மவன் தொட்ட கல்லில் தங்கம் இருந்தது. அவன் பையில் இல்லை.

பூமிக்குள் இரண்டு மைல்

சுரங்கம் ஆழமாகிக்கொண்டே போயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 10,000 அடியைத் தாண்டியது. இரண்டு மைல்! உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. கீழே போகப் போகச் சூடு. பாறை நெருப்பாகக் கொதிக்கும்.

சில சமயம் மேலே உள்ள மலையின் பாரம் தாங்காமல் பாறை தானாகவே வெடிக்கும். பாறை வெடிப்பு என்று அதைச் சொல்வார்கள். எப்போது வரும், எங்கே வரும், யாரும் அறியார். காலையில் போன கணவன் மாலையில் வருவானா என்று வாசலில் நின்ற பெண்கள் எத்தனை பேர்!

வெடிக்குத் தப்பினவனையும் தூசி விடவில்லை. கல்தூசி நுரையீரலில் படிந்து, மூச்சு விட முடியாமல் செய்யும். சிலிகோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். அமெரிக்கப் பாதையில் காலரா ஒரே நாளில் கொன்றது. இங்கே தூசி பல ஆண்டு எடுத்துக்கொண்டு கொன்றது.

இருக்க வீடு? மூங்கில் தட்டியால் கட்டிய குடிசை வரிசைகள். துரைமார்களுக்கோ தோட்டத்தோடு பங்களா, கிளப். 1902-ல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் கம்பி இழுத்து, தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆசியாவில் அன்று அது பெரிய அதிசயம். மின்சாரம் வந்தது சுரங்கத்துக்காக. கூலி வரிசையில் எரிந்தது சிமினி விளக்குத்தான்.

என்னதான் கிடைத்தது?

அப்படியானால், போனது வீண்தானா?

இல்லை. அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

முதலாவது, மாதம் பிறந்தால் கையில் காசு விழுந்தது. தானியக் கூலிக்குப் பண்ணைக்காரர் வாசலில் நின்றவன், தன் சம்பளத்தைத் தானே எண்ணி வாங்கினான். 1880-ல் இந்தியத் தபால் இலாகா மணியார்டர் முறையைத் தொடங்கியது. டெய்லர் கம்பெனி கோலாருக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்! எத்தனையோ குடிசைகளுக்கு முதன் முதலாகத் தபால்காரர் வந்தது, தங்கவயல் மணியார்டரோடுதான் இருக்கும்.

இரண்டாவது, எழுத்து. ஊரில் பள்ளிக்கூட வாசலைப் பார்க்க முடியாதவன் பிள்ளை, தங்கவயலில் சிலேட்டு எடுத்துப் போனான். மன்றங்களும் சங்கங்களும் தோன்றின. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பிறகு அது 'தமிழன்' ஆயிற்று. அதைத் தங்கவயல் தொழிலாளர்கள் ஆவலோடு படித்தார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டால் அதுவும் படிப்புத்தானே? பண்டிதர் 1914-ல் காலமானார். 1926-ல் அந்தப் பத்திரிகைக்கு மீண்டும் உயிர் வந்தது. எங்கே தெரியுமா? சென்னையில் அல்ல, கோலார் தங்கவயலில்! ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியராக இருந்தார்.

யோசித்துப் பாருங்கள். வண்டி ஏறும்போது ஒரு கடுதாசி எழுதத் தெரியாத ஜனங்கள், ஐம்பது ஆண்டுக்குள் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார்கள்!

மூன்றாவது, தலை நிமிர்ந்தது. 1930-ல் தொழிலாளரைக் கைரேகை வைத்துப் பதிவு செய்ய ஏற்பாடு நடந்தது. "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்ற கொதிப்பு எழுந்தது. சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. கூலிக்காக அல்ல, மானத்துக்காக!

கடைசிக் கல்

எந்தச் சுரங்கமும் ஒரு நாள் தீரும். சுதந்திரத்துக்குப் பின், 1956-ல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய சர்க்கார் கைக்குப் போயிற்று. ஒரு டன் கல்லை உடைத்தால் சில கிராம் பொன்தான் வந்தது. எடுக்கும் செலவோ பொன்னின் விலையை மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

120 ஆண்டில் எடுத்த பொன் சுமார் 800 டன். அதாவது 8 லட்சம் கிலோ! தோண்டியவர் வீட்டில் மிஞ்சியது மனைவியின் காதிலும் மூக்கிலும் இருந்த பொட்டுத் தங்கம்தான். அதுவும் அடகுக்குப் போகாமல் இருந்தால்.

இன்று தங்கவயலில் பெரிய பெரிய சாம்பல் நிறக் குன்றுகள் நிற்கின்றன. அவை கடவுள் படைத்த மலை அல்ல. பொன் எடுத்த பிறகு கொட்டிய கல்மாவு. நம் பாட்டனார்கள் சுமந்த மண்.

சுரங்கம் மூடியும் ஜனங்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்திலும் பங்காருபேட்டையிலும் ஆயிரக்கணக்கானோர் ரயில் ஏறுகிறார்கள். பெங்களூரில் வேலை செய்துவிட்டு, இரவு திரும்புகிறார்கள். 1871-ல் லவெல் துரை மாட்டு வண்டியில் வந்த 60 மைல்தான் ஏறக்குறைய அந்தத் தூரம். அவர் ஒரு தடவை வந்தார். இவர்கள் தினமும் போய் வருகிறார்கள். பிரயாணம் இன்னும் முடியவில்லை!

எழுதி வையுங்கள்

அமெரிக்கர் பிரயாணம் ஏன் உலகமெல்லாம் தெரிந்திருக்கிறது? அவர்கள் அதிகம் கஷ்டப்பட்டதாலா?

அல்ல. அவர்கள் எழுதி வைத்தார்கள். வண்டிச் சக்கரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அன்று எத்தனை மைல், யாருக்குக் காய்ச்சல், எந்த மாடு செத்தது என்று நாட்குறிப்பு எழுதினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. பாறையிலும் பெயரைச் செதுக்கினார்கள்.

நம்மவர் எந்தப் பாறையில் பெயர் எழுதினார்கள்? எழுதத் தெரியாதே! கம்பெனிக் கணக்கில் அவர்கள் வெறும் எண். 2024-ல் வந்த 'தங்கலான்' என்ற சினிமா, வட ஆற்காட்டிலிருந்து பொன் எடுக்கப் போனவர்களைக் கதையாக்கிக் காட்டியது. அது கற்பனை கலந்த கதை. உண்மைக் கதை உங்கள் வீட்டில் இருக்கிறது.

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள். தங்கவயலில் ஒரு பெரியப்பா, அங்கே வாழ்க்கைப்பட்ட ஓர் அத்தை, சுரங்கத்தில் மாண்ட ஒரு தாத்தா — யாராவது இருப்பார்கள். அவர் பெயர் என்ன? எந்த வருஷம் போனார்? நடந்தா, வண்டியிலா, ரயிலிலா? எந்தச் சுரங்கம்? பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேட்டால் மட்டும் போதாது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எழுதி வையுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். இப்போதுதான் எழுதப் பழகியவர்களானாலும் கூச்சம் வேண்டாம்.

அன்று வாசலில் நின்ற அந்தத் தாய் ஒரு கடுதாசி கேட்டாள். மகனுக்கு எழுதத் தெரியவில்லை. இன்று நமக்குத் தெரியும். அந்தக் கடுதாசியை நாம்தான் எழுத வேண்டும்.